கையெழுத்தும் தலையெழுத்தும்

தை முடிந்து மாசி பிறக்கும் நாட்களில் தமிழகத்து மேனிலைப் பள்ளிகளில் ஒரு விழா நடக்கிறது. நாட்காட்டியில் அதற்குச் சிவப்பு எண் கிடையாது. தேரில்லை, தீவட்டியில்லை, திருநீறில்லை. தேநீர் உண்டு, மிக்சர் பொட்டலம் உண்டு, வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி உண்டு, வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் குழுப்படம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு விடை கொடுக்கும் விழா! பிரிவு உபசார விழா என்பது அதன் பழைய பெயர். பின்னர் பிரியாவிடை விழா என்றனர். உபசாரத்தை ஒழித்தது நன்று. ஆனால் பிரியப் போகிறவர்களுக்குப் பிரியாத விடை எப்படிக் கொடுப்பது என்று இலக்கண ஆசிரியர் எவரும் இதுவரை நமக்கு விளக்கியதில்லை. அது கிடக்கட்டும்.

விழாவைப் பற்றியதன்று நம் ஆராய்ச்சி. விழாவையொட்டிப் பிள்ளைகள் எழுதும் எழுத்தைப் பற்றியது. கையெழுத்து ஏடு, ஆட்டோகிராஃப், ஸ்லாம் புக் என்று காலத்துக்கொரு பெயர் அதற்கு. இப்போது சிலர் வெள்ளைச் சட்டையின் முதுகிலேயே எழுதிக்கொள்கிறார்கள். சிலர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். எங்கே எழுதினாலும் எழுத்து ஒன்றுதான். நட்பைப் பற்றித் தொடங்குவார்கள். நான்காவது வரியில் வாழ்க்கை என்றால் என்ன என்ற கேள்விக்கு வந்துவிடுவார்கள். பதினேழு வயதில் அந்தக் கேள்வியைத் தொடாமல் எவராலும் விடைபெற முடிவதில்லை.

இதையும் இலக்கியம் என்று எடுத்துவைத்துத் திறனாய்வு செய்வதா என்று புலவர் பெருமக்கள் புருவம் நெரிக்கக்கூடும். செய்யத்தான் வேண்டும் என்கிறோம். 2025ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியோர் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அத்தகைய பெருங்கூட்டம், ஒரே பருவத்தில், ஒரே பொருளைப் பற்றி, மதிப்பெண்ணுக்கு அஞ்சாமல் எழுதும் எழுத்து தமிழில் வேறு எது? பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிவப்பு மை பார்த்து நடுங்கிய கை, முதன்முதலாகச் சிவப்பு மை இல்லாத பக்கத்தில் எழுதுகிறது. அந்தக் கை என்ன எழுதுகிறது என்று பார்க்க வேண்டாமா?

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பவர். “ஐயா, இரண்டு வரி” என்ற வேண்டுகோளோடு ஏடுகள் நம் மேசைக்கும் வருகின்றன. கொடுத்தவரின் இசைவோடு, இரண்டு வரி எழுதுமுன் இருபது பக்கம் புரட்டுகிறோம். படித்ததில் பெரும்பகுதி ஏமாற்றமே தந்தது.

வாழ்க்கை ஓர் இரயில் பயணம், அவரவர் நிலையம் வந்ததும் இறங்கத்தான் வேண்டும் என்கிறது ஒரு பக்கம். அடுத்த பக்கமும் அதையே சொல்கிறது; ஏட்டை மாற்றி எடுத்தாலும் இரயில் ஓடிக்கொண்டேயிருக்கிறது! உவமை என்றால் ஒன்றைக் காட்ட வேண்டும். இந்த இரயில் எதைக் காட்டுகிறது? இரயிலில் குளிரூட்டிய பெட்டி உண்டு, படுக்கை உண்டு, கால் வைக்க இடமின்றிக் கதவைப் பிடித்துத் தொங்கும் பெட்டியும் உண்டு. பயணம் என்றாயே தம்பி, எந்தப் பெட்டியில் என்று சொல்லவில்லையே! பயணச்சீட்டு வாங்கித் தந்தவர் யார், வாங்க முடியாமல் நடைமேடையிலேயே நின்றுவிட்டவர் யார்? இந்தக் கேள்விகள் நுழைந்திருந்தால் அது நல்ல உவமை. அவை நுழையாமல் கதவைச் சாத்துவதற்கே இந்த உவமை பயன்படுகிறது. ஆறு, கடல், பூந்தோட்டம், விளையாட்டு என்று வரும் மற்றவையும் இவ்வாறே.

இரயிலாவது போகட்டும். அதைவிடக் கேடான ஒன்று, எல்லாம் அவன் எழுதியபடி நடக்கும் என்பது. இணைவது விதி, பிரிவது விதி, தேறுவது விதி, தவறுவது விதி! உயிரியல் ஏட்டில் மரபணுவின் முறுக்கிய ஏணியை வரைந்து பாகம் குறித்த அதே கை இதை எழுதுகிறது. இயற்பியல் தேர்வில், விட்டெறிந்த கல் எங்கே விழும் என்று கணக்கிட்டுச் சொன்ன அதே கை இதை எழுதுகிறது. கல் விழும் இடத்தைக் கணக்கிடத் தெரிந்த பிள்ளை, தான் விழுந்த இடத்துக்கு மட்டும் காரணம் தேட மறுக்கிறது. கையெழுத்துக் கேட்ட தோழனுக்குத் தலையெழுத்தை எழுதிக் கொடுக்கிறது!

பிள்ளைகளை நகைப்பது நம் நோக்கமன்று. இவை அவர்கள் சொற்களே அல்ல. மேடையிலிருந்து காதில் விழுந்தவை. சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் வருவார். பொன்னாடை, பூமாலை, பிறகு பேருரை. மாணவரைப் பார்த்து, ஆட்சியராக வா, அறிவியலறிஞராக வா, உலகை வெல் என்பார். அப்படியே கழுத்தைத் திருப்பி மாணவியரைப் பார்ப்பார். குரல் கனியும். போகிற இடத்தில் பெற்றோர் பெயரைக் காப்பாற்றுங்கள் அம்மா என்பார். ஆணுக்கு உலகம், பெண்ணுக்குப் போகிற இடம்! ஒரே வகுப்பில் படித்து, ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதப் போகும் இரு பிரிவாருக்கு இரண்டு வாழ்க்கைப் பொருள். கைதட்டுவோரில் ஆசிரியர்களும் உண்டு.

இந்த இடத்தில் அரசின் மொழி மேடையின் மொழியை முந்திவிட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். 1989இல் கலைஞர் அரசு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்ற விதியால், பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோரின் கையை அது பிடித்து நிறுத்தியது. அன்றைக்கு அது பெரிய காரியம். எனினும் அந்தப் பாலம் மணமேடையில் போய் முடிந்தது. 2022இல் அதையே புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய். தாலிக்குத் தந்த பணம் ஏட்டுக்குப் போயிற்று! தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயருக்கு இதுவே பொருத்தமான காணிக்கை. அரசாணை மாறிவிட்டது, விருந்தினரின் உரை மட்டும் இன்னும் மணமேடையிலேயே நிற்கிறது.

இனி, ஒலிபெருக்கி. விழாவின் முடிவில் 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாட்டைப் போடுவார்கள். கே. வி. மகாதேவன் இசையில் டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடியது. அறுபது ஆண்டுகளைத் தாண்டி, அப்பாட்டுப் பிறந்தபோது பிறவாதவரின் பிள்ளைகளையும் அது அழவைக்கிறது. கவிஞரின் ஆற்றலை மறுப்பாரில்லை. ஆனால் அது கல்லூரி மாணவர் பாட்டு. மேனிலை வகுப்பு தமிழகத்துக்கு வந்ததே 1978இல்தான். அதற்கு முன் பள்ளி பதினோராம் வகுப்போடு முடியும். கல்லூரிப் படி ஏறியவர் அன்று மிகச் சிலர். ஏறிவிட்டவர்க்கு எத்திசையும் திறந்திருந்தது. ஆகவேதான் கவிஞர் அவர்களைப் பறவைகளாகக் கண்டார். இனி எங்கே, எப்போது சந்திப்போமோ என்று ஏங்க வைத்தார். எவர் எங்கே போவார் என்று தெரியாமைதான் அப்பாட்டின் உயிர்.

நம் வகுப்பறையில் அந்தத் தெரியாமை இல்லை. மூன்றாம் பெஞ்சில் இருப்பவன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போகிறான். மாமன் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். அவனுக்கு முன்னால் இருப்பவன் மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு இலட்ச ரூபாய் கட்டிப் படிக்கிறான். சன்னலோரத்துப் பெண்ணுக்கு அத்தை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டுக் கேட்டு எல்லாரும் ஒன்றாகவே அழுகிறார்கள்; ஆனால் அந்த அழுகை ஒரே அழுகையன்று. பறப்பதற்கு முன்பே சில பறவைகளின் காலில் நூல் கட்டியாகிவிட்டது. நூல் கட்டியவர் பெயரைச் சொல்லாமல் வானத்தைப் பற்றி மட்டும் பாடுவதைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

பள்ளி முடிக்கும் பிள்ளையால் வேறென்ன எழுத முடியும் என்று கேட்பார் உண்டு. முடியும், எழுதிக் காட்டியவன் ஒருவன் உண்டு. செருமனியில் திரியர் என்ற நகரம். 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வில், தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஓர் இளைஞனின் எண்ணங்கள் என்னும் பொருளில் ஒரு கட்டுரை. எழுதியவனுக்கு வயது பதினேழு. பெயர் கார்ல் மார்க்சு. மனிதகுலத்தின் நலனும் தன் நிறைவும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல, பிறருக்காக உழைப்பதன் வழியாகவே மனிதன் நிறைவடைகிறான் என்று அதில் வாதிடுகிறான். இது அழகிய கருத்து. ஆயினும் நல்ல மாணவர் பலர் எழுதக்கூடிய கருத்துத்தான். நாம் வியப்பது வேறோர் இடத்தை. நாம் விரும்பும் தொழிலை நாம் எப்போதும் அடைந்துவிட முடியாது. சமுதாயத்தில் நமக்குள்ள உறவுகள், அவற்றை நாமே தீர்மானிக்கும் நிலைக்கு வருமுன்பே ஓரளவு அமையத் தொடங்கிவிடுகின்றன என்கிறான். நம் பிள்ளைகள் விதி என்று எழுதும் அதே இடத்தில், பதினேழு வயதுப் பையன் சமுதாயம் என்று எழுதினான்! விதியை மாற்ற முடியாது, சமுதாயத்தை மாற்றலாம். வேறுபாடு ஒரு சொல்தான்.

அந்தக் கட்டுரையிலும் கடவுள் வருகிறார். மறைக்க வேண்டியதில்லை, பதினேழு வயதிலேயே எவரும் முழுமையாக விளைந்துவிடுவதில்லை. இன்னொன்றும் சுவையானது. திருத்திய ஆசிரியர், கருத்து வளத்தைப் பாராட்டிவிட்டு, அரிய உருவகங்களைத் தேடி அளவுக்கு மீறி ஓடும் குற்றம் இவனிடம் உண்டு என்று குறித்து வைத்தார். திரியரிலும் இரயிலுக்கு ஒப்பான ஏதோ ஒன்று ஓடியிருக்கிறது போலும்!

நம் ஏடுகளில் நல்ல பக்கங்களே இல்லையா? உண்டு. அவற்றைச் சொல்லாவிட்டால் இது திறனாய்வாகாது, வசையாகிவிடும். ஒரு மாணவன் தன் தோழனுக்கு எழுதியிருந்தது இவ்வளவே: “பத்தாவதோடு சத்துணவு நின்றுபோச்சு. பதினொன்றிலிருந்து நீ எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தாய். தினமும் இரண்டு டப்பாவுக்கு உன் அம்மாவிடம் என்ன காரணம் சொன்னாய் என்று இன்றைக்காவது சொல்.” வாழ்க்கை என்ற சொல் இதில் இல்லை. பசி என்ற சொல்லும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் ஒரு திட்டத்தின் எல்லைக்கோடு இதில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றவனின் வயிறு இருக்கிறது. தோழன் கேட்டுவைத்த இரண்டாவது டப்பா இருக்கிறது. கேள்வி கேளாமல் நிரப்பிய தாயின் கை இருக்கிறது. நூறு பொன்மொழிகளை இந்த மூன்று வரிக்கு எதிரே தட்டில் வைத்து நிறுக்கலாம், தட்டு அசையாது.

மற்றொன்று ஒரு மாணவி தன் தோழியின் ஏட்டில் எழுதியது. அச்சிட்ட கட்டங்கள் கொண்ட ஏடு அது: பெயர், பிறந்த நாள், பிடித்த நடிகர், தொலைபேசி எண், வாழ்க்கை இலட்சியம். எண் எழுதிய கட்டத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில், “அண்ணன் நம்பர். ஆறு மணிக்கு மேல் கூப்பிடாதே. சித்திரைக்கு அப்புறம் கூப்பிடவே வேண்டாம்” என்று இருந்தது. இலட்சியக் கட்டத்தில் செவிலியர் என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். அடித்த சொல்லுக்கு மாற்றாக வேறொன்றும் எழுதவில்லை. விதியைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதவில்லை, ஏனெனில் சித்திரையில் என்ன நடக்கும், நடத்துபவர் யார் என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு கோட்டைப் பார்த்தபின் அதற்குக் கீழே ‘வாழ்க வளமுடன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு ஏட்டைத் திருப்பித் தர எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் இருபதைத் தாண்டியவர்கள். முன்னாள் மாணவர் என்ற முறையில் பழைய பள்ளிக்கு உங்களையும் அழைப்பார்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து இரண்டு சொல் பேசச் சொல்வார்கள். இரயிலை விட்டுவிடுங்கள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி, எந்தக் கல்லூரியில் விடுதி உண்டு, மாதம் 1000 ரூபாய் பெற எந்தச் சான்று வேண்டும் என்று விசாரித்துத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதை, பெற்றோரும் அமர்ந்திருக்கும் அந்த அவையிலேயே சொல்லுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1098. அதை இரண்டு முறை, நிறுத்தி, எழுதிக்கொள்ளும்படி சொல்லுங்கள். பாட்டை அதற்குப் பிறகு போடட்டும்.