செங்கிஸ்கான் வாயில் கௌபாய் பேச்சு

வரலாற்றுப் படம் என்றால் நடந்தது நடந்தபடியே இருக்க வேண்டும் என்று நான் அடம் பிடிப்பவன் அல்ல. ஆனால் பாத்திரம் வாயைத் திறந்தால், ‘ஆமாம், இவன் இப்படித்தான் பேசுவான்’ என்று கேட்பவர் மனம் ஒப்ப வேணும். அது அடியோடு தவறிப்போன படம் 1956-இல் வந்த ‘தி காங்கரர்’.

கதை, செங்கிஸ்கானின் இளமைக்காலம். இயக்கியவர் டிக் பவல், தயாரித்தவர் கோடீசுவரர் ஹோவர்ட் ஹியூஸ். தெமுஜின் என்ற இளம் செங்கிஸ்கானாக வருபவர் யார் தெரியுமோ? கௌபாய் படங்களில் புகழ்பெற்ற ஜான் வெய்ன்! மீசையைத் தொங்கவிட்டால் மங்கோலியன் ஆகிவிட முடியுமா?

வசனம் எழுதிய ஆஸ்கர் மில்லார்ட், பழங்கால ஆங்கிலம் போல ஒரு நடையைக் கட்டினார். சொற்கள் முன்பின்னாகப் புரளும். காதலும் பழியும் ஒரே முழக்கமாக வரும். அதை வெய்ன் தம் வழக்கமான இழுவைப் பேச்சிலேயே ஒப்பிக்கிறார். கோபப்பட வேண்டிய இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

செந்நடை பேசினதா குற்றம்? இல்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் சிவாஜி பேசுவதும் அன்றாடப் பேச்சு அல்லவே. ஆனால் அவர் நாடக மேடையில் பழகிய நாக்கு. கேட்ட நம் காதும் அதற்குப் பழகிய காது. வெய்னுக்கோ அது இரவல் சட்டை.

பெரிய குறை இன்னொன்று. 13-ஆம் நூற்றாண்டு ‘மங்கோலியரின் ரகசிய வரலாறு’ சொல்வது என்ன? தெமுஜினுக்கு ஒன்பது வயதிலேயே போர்த்தே என்ற பெண்ணை அவன் தந்தை நிச்சயம் செய்கிறார். மணமான பின் மெர்கித்துகள் அவளைக் கடத்துகிறார்கள். அவன் நண்பர்களின் துணையோடு போரிட்டு மீட்கிறான். படத்திலோ அவள் பகைவன் மகள், தெமுஜினே கடத்துகிறான்! மனைவியை மீட்டவனைக் கடத்தல்காரன் ஆக்கிய பிறகு, அவன் வாயில் இயல்பான பேச்சு எப்படி வரும்? வசனம் பொய்யானதற்கு வேர், கதை பொய்யானதில் இருக்கிறது.

படப்பிடிப்பு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்தில். ஸ்டூடியோ காட்சியிலும் மண்ணின் நிறம் மாறக்கூடாது என்று டன் கணக்கில் அந்த மண்ணை ஹாலிவுட்டுக்கு ஏற்றி வந்தார்கள். மண்ணுக்குப் பார்த்த பொருத்தத்தை மனிதன் பேச்சுக்குப் பார்க்கவில்லை.

வெளிமாநிலத்தில் சங்க மேடைகளில் பிள்ளைகளை வைத்துச் சரித்திர நாடகம் போடுகிற அன்பர்களுக்கும் இது பாடம். கிரீடமும் வாளும் வாடகைக்குக் கிடைக்கும். வசனம் மட்டும் அந்தப் பிள்ளை பொருள் தெரிந்து, தன் நாவால் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். இல்லையேல் சபை சிரிக்கும். பிள்ளையோ தமிழே கேலிக்குரியது என்று எண்ணிவிடும்.