பழங்கணினி விளையாட்டும் மூலபாட ஆராய்ச்சியும்

விளையாட்டு உவகைக்கு நிலைக்களன் என்பது தொல்காப்பியர் கொள்கை. மெய்ப்பாட்டியலுள் உவகை தோன்றுதற்குரியவாக அவர் வகுத்த நான்கனுள் விளையாட்டும் ஒன்று. ஆயினும், விளையாட்டினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகவில்லை. அதிலும் கணினி விளையாட்டு என்றால், சிறுவர்தம் பொழுதுபோக்கு எனக் கருதி ஒதுக்குவார் பலர். 1970களிலும் 1980களிலும் தோன்றிய விளையாட்டுக்களையும் வீட்டுக் கணினிகளையும் இன்று தேடிப் பெற்று, பழுது நீக்கி, இயக்கி மகிழ்வோர் பல நாடுகளிலும் உளர். அவர்தம் மகிழ்ச்சி எத்தன்மையது? கழிந்த இளமையை எண்ணி ஏங்கும் ஏக்கமா? அன்றிப் பழநூல் பயில்வார் எய்தும் இன்பத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதா? இவ்வினாவை ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. ஆராய்ச்சிக்குரிய நூல்

நாம் எடுத்துக்கொள்வது 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' என்னும் சொல்வழி விளையாட்டு. படம் எதுவும் இதன்கண் இல்லை. ஆடுவோன் நிற்கும் இடம் சில வாக்கியங்களால் வருணிக்கப்படும். அவன் ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களால் தன் விருப்பத்தைத் தட்டெழுதுவான். அதன் விளைவைக் கணினி மீண்டும் வாக்கியங்களால் உரைக்கும். அவன் செல்லும் இடமோ நிலத்தின் கீழுள்ள பெருங்குகை.

இதனை முதற்கண் இயற்றியவர் வில் கிரௌதர். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு மாநிலத்தில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1975, 1976 ஆகிய ஆண்டுகளை ஒட்டி, பி.டி.பி.-10 என்னும் கணினியில், போர்ட்ரான் மொழியில் இதனை எழுதினார். இவரும் இவர் மனைவியாரும் குகையாய்வில் பெரிதும் ஈடுபட்டவர்கள். கென்டக்கி மாநிலத்துப் பிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் மாமத் குகைத் தொகுதியும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை 1972இல் கண்டறிந்த குழுவில் அவ்வம்மையார் இடம்பெற்றார். பின்னர் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். குகைப் பயணத்தையும் விட்டுப் பிரிந்த கிரௌதர், தம் மகளிர் ஆடி மகிழ்தற்பொருட்டு இவ்விளையாட்டினை ஆக்கினார். அடுத்து, ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவராகிய டான் உட்ஸ் இதனைக் கண்டு, கிரௌதரிடம் இசைவு பெற்று, 1977இல் பெரிதும் விரித்து எழுதினார். உலகெங்கும் பரவியது இவ்விரிந்த பாடமே.

2. மூலம் கிடைத்த வரலாறு

கிரௌதர் எழுதிய முதற்பாடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அதனால் அதனைக் குறித்துக் கதைகள் பல வழங்கின. அது தோன்றியது 1972 என்றார் ஒருசாரார். 1974 என்றார் பிறிதொரு சாரார். அது விளையாட்டே அன்று, குகையின் வரைபடத்தைச் சொல்லால் அமைத்த வெறும் தரவே என்றும், மாயமும் வியப்பும் யாவும் உட்ஸ் சேர்த்தனவே என்றும் கூறினாரும் உளர். ஒருவர் எழுதியதை மற்றவர் ஆராயாது எடுத்தெழுதினமையின், இக்கூற்றுக்கள் கல்வியாளர் நூல்களினும் புகுந்தன.

இந்நிலையில் டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் மூலத்தைத் தேட முற்பட்டார். உட்ஸ் மாணவராயிருந்தபோது பயன்படுத்திய கணக்கின் காப்புப் படியினுள் கிரௌதரின் மூலக் கோப்புக்கள் பேணப்பட்டிருந்தமை தெரியவந்தது. ஜெர்ஸ் அவற்றை ஆராய்ந்ததோடு அமையாது, 2005இல் கென்டக்கி சென்று உண்மைக் குகையினுள்ளும் புகுந்து ஒப்பிட்டார். அவர்தம் ஆராய்ச்சி 2007இல் வெளிவந்தது. ஆண்டு பற்றிய பழங்கூற்றுக்கள் அதனால் சான்றற்றன ஆயின. கோடரி எறியும் குறளரும் பிற மாயக் கூறுகளும் கிரௌதர் பாடத்திலேயே உள்ளன என்பதும் தெளிவாயிற்று. விளையாட்டில் வரும் இரும்புக்கோலுக்கும் கோடரிக்கும் ஒத்த பொருள்கள் உண்மைக் குகையில் காணப்பட்டன.

ஏட்டுச் சுவடி ஆராய்ச்சியில் பழகிய நம்மவர்க்கு இவ்வரலாறு புதியதன்று. மூலத்தைக் காணாது வழங்கிய செவிவழிச் செய்தி, மூலம் கண்டவிடத்து வீழ்வதை நாம் பலகால் கண்டுள்ளோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி உழைத்த உழைப்பின் இயல்பே இங்கும் காணப்படுகின்றது. வேற்றுமை ஒன்றுண்டு. ஏட்டினை அழிப்பன செல்லும் காலமும். காந்த நாடாவை அழிப்பதோ காலம் மட்டும் அன்று. அதனைப் படிக்கவல்ல பொறி மறைந்தால், நாடா சிதையாதிருப்பினும் அதிலுள்ள நூல் இறந்ததேயாம்.

3. இருவர் கைவண்ணம்

இரு பாடங்களையும் ஒப்பிடுங்கால் திறனாய்வாளர் கருதவேண்டிய வேறுபாடு ஒன்று புலனாகின்றது. கிரௌதர் பாடத்தில் மதிப்பெண் இல்லை; ஆடுவோன் கையிலுள்ள பொருள்களைத் தொகுத்துக் காட்டும் பட்டியலும் இல்லை. இவ்விரண்டும் உட்ஸ் சேர்த்தவை. அவர் பாடத்தில் முழு மதிப்பெண் 350. அவர் தாமே கற்பித்த இடங்களும் பல.

கிரௌதர் பாடத்தில் நிலமே தலைமை பெறுகின்றது. 'பெட்குயில்ட்' என்பது அக்குகைப் பகுதியின் உண்மைப் பெயர். 'ஒய்2' என்பது குகையளப்போர் இட்ட குறி. ஆண்டு நடந்து பழகியவன் ஒருவன், மீண்டும் செல்ல இயலாத இடத்தைச் சொல்லால் கட்டி எழுப்பியிருக்கின்றான். அகத்திணை மரபில் சொல்வதாயின், முதற்பொருளும் கருப்பொருளும் நிரம்பி, உரிப்பொருள் ஆடுவோன் உள்ளத்திற்கு விடப்பட்ட அமைப்பு இது. உட்ஸ் பாடத்திலோ, செல்வம் தேடிக் கொணர்ந்து மதிப்பெண் பெறுதல் நோக்கமாகின்றது. ஆடுவோன் குகையைக் காண்பதை விட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றான்.

எனினும், உட்ஸ் மூலத்தைக் கெடுத்தார் என்று நாம் கூறோம். நோக்கமும் முடிவும் அமைத்து, எண்ணிறந்தோர் தொடர்ந்து பயிலும் ஆக்கமாக அதனை நிலைபெறச் செய்தவர் அவரே. அவர் விரித்தமையாலன்றோ பிறர் படியெடுத்தனர். அவர் கணக்கில் கிடந்தமையாலன்றோ மூலமும் பிழைத்தது. இடைச்செருகல் என்று எளிதில் இகழத்தக்கதன்று இது. உடனாசிரியர் பணி எனக் கொள்ளுதலே தகும். இருவர் பாடத்தையும் பிரித்தறிந்து இருவர் திறனையும் தனித்தனியே மதிப்பிடுதல் ஆராய்ச்சியாளர் கடன்.

இந்நூல் பின்னும் கிளைத்தது. பெருங்கணினிக்கென எழுதப்பட்ட இதனை, 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெவல் 9 நிறுவனம் சிறு வீட்டுக் கணினிகளில் அடங்குமாறு சொற்களைச் செறித்து அமைத்து, முடிவுப் பகுதியில் புதிய இடங்களையும் சேர்த்தது. உட்ஸ் தாமே 1995இல் 430 மதிப்பெண் கொண்ட பாடம் ஒன்றைச் செய்தார். அதன் மூலநிரல் 2017இல் யாவரும் காண வெளியிடப்பட்டது. 2023இல் கென் வில்லியம்ஸ், ரொபர்ட்டா வில்லியம்ஸ் இருவரும் முப்பரிமாணக் காட்சியாக இதனை வெளியிட்டனர். பழம்விளையாட்டில் ஆர்வமுடையோர் இப்பாடங்களை அவற்றின் முழு மதிப்பெண்ணைக் கொண்டே சுட்டி வேறுபடுத்துகின்றனர். சுவடிகளுக்கு எண்ணிட்டு வழங்கும் நம் முறையை இஃது ஒத்திருத்தல் காண்க.

4. அளவும் யாப்பும்

பழம்விளையாட்டின் சுவைக்கு அதன் குறுகிய இடமே காரணம் என்பர் ஆர்வலர். இக்கூற்று ஆராயத்தக்கது. பி.டி.பி.-10 கணினியில் ஒரு நினைவகச் சொல் 36 பிட்டு அளவினது. எழுத்தொன்றுக்கு 7 பிட்டு எனக் கொண்டால் அதனுள் ஐந்து எழுத்துக்களே அடங்கும். ஆகவே அட்வெஞ்சர் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துக்களையே நோக்கும். வடக்கினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வடகிழக்கினைக் குறிக்கும் சொல்லும் முதல் ஐந்து எழுத்துக்களால் ஒன்றாதலின், பின்னதை இரண்டெழுத்துச் சுருக்கத்தால் தருமாறு விளையாட்டே ஆடுவோனுக்கு அறிவுறுத்தும். பொறியின் அளவு மொழியின் இலக்கணமாக மாறிய இடம் இது.

வீட்டுக் கணினிக்கு ஒரு சான்று காட்டுவோம். 1984இல் டேவிட் பிராபன், இயன் பெல் என்னும் இருவர் பி.பி.சி. மைக்ரோ கணினிக்கென 'எலைட்' என்னும் விண்வெளி விளையாட்டினை இயற்றினர். அப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட்டு. அதனுள் 8 விண்மீன் மண்டலங்களை, மண்டலம் ஒன்றுக்கு 256 உலகங்களாக, ஆக 2,048 உலகங்களை அமைத்துக் காட்டினர். அவற்றைத் தனித்தனியே எழுதிவைக்க இடமில்லை. சில வித்தெண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வோருலகின் பெயரும் இயல்பும் வேண்டுழி வேண்டுழிக் கணக்கிட்டுப் பெறுமாறு செய்தனர்.

அளவு சிறிதாயின் சுவை பெரிதாம் என்பது விதியன்று. அவ்வாண்டுகளில் சிறு பொறிகளுக்கென எழுதப்பட்ட பல விளையாட்டுக்கள் இன்று பயிலத் தகுதியற்றன. குறள் வெண்பா யாத்தார் எல்லாரும் வள்ளுவர் ஆகாமை போல்வது இது. தடையைப் பொறுத்துக்கொண்டது சிறப்பன்று. தடையினின்று புதிய உறுப்பொன்றைப் பெற்றதே சிறப்பு. எலைட் அத்தகையது.

5. பழம்பொறியும் எமுலேட்டரும்

ஆர்வலரிடையே நிகழும் பெருவழக்கு ஒன்றுண்டு. பழம்பொறியின் செயலைப் புதுப்பொறியில் அவ்வாறே நடத்திக் காட்டும் எமுலேட்டர் என்னும் மென்பொருளால் ஆடுதல் போதும் என்பார் ஒருசாரார். மூலப்பொறியில் ஆடாதார் அவ்விளையாட்டை அறியார் என்பார் மற்றொரு சாரார்.

முன்னவர் கூற்றில் உண்மை உண்டு. பழம்பொறிகளின் மின்தேக்கிகள் கசிகின்றன. காந்த நாடாக்கள் தேய்கின்றன. எமுலேட்டர் இன்றேல் இவ்விளையாட்டுக்களைப் பயில்வோர் மிகச் சிலரே ஆவர். அச்சு நூல் வந்தபின் ஏட்டிலேயே பயிலுக என மாணவர்க்கு விதிப்பார் யார்?

ஆயினும் பின்னவர் கூற்றும் தள்ளத்தக்கதன்று. அட்வெஞ்சர் தோன்றிய காலத்து முனையங்கள் பல, தாளில் அச்சிடும் டெலிடைப் பொறிகளாக இருந்தன. பெருவழக்கான ஏ.எஸ்.ஆர்.-33 நொடிக்கு 10 எழுத்துக்களையே அச்சிடும். 200 எழுத்துக்கள் கொண்ட வருணனை ஒன்று முற்றுப்பெற 20 நொடிகள் செல்லும். குகையின் அடுத்த அறை யாது என்பதை ஆடுவோன் எழுத்தெழுத்தாகக் காத்திருந்தே அறிந்தான். தான் வந்த வழி முழுதும் நீண்ட தாளாக அவன் முன் கிடந்தது. இன்றைய திரையில் அவ்வருணனை கண்ணிமைக்கு முன் தோன்றுகின்றது. முற்பகுதி மேலேறி மறைகின்றது. சொற்கள் ஒன்றாயினும் ஓதும் நடை வேறு. ஆகலின், எமுலேட்டர் பாடத்தைக் காக்கும். பயின்ற முறையைக் காத்தற்கு மூலப்பொறியும் வேண்டும். எமுலேட்டர் பிழையின்றி இயங்குகின்றதா என ஒத்துப்பார்த்தற்கும் மூலப்பொறியே சான்று. எனவே, பழங்கணினியைப் பழுது நீக்கி இயக்குவார் தொழில் வீண் பொழுதுபோக்கு அன்று என்பது பெறப்படும்.

6. பயிலாது பேணலும் பேணாது இழத்தலும்

பேணுதல் என்பதிலும் இருவகை உண்டு. 1996இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ 64' விளையாட்டின் உறை பிரிக்கப்படாத படி ஒன்று, 2021 சூலையில் அமெரிக்க ஏலத்தில் 15,60,000 டாலருக்கு விலைபோயிற்று. உறையைப் பிரித்தால் விலை குன்றும். ஆகவே அப்படி என்றும் ஆடப்படாது. கட்டவிழ்க்கப்படாத சுவடியினால் புலமைக்கு வரும் பயன் யாது?

மறுபுறம் இழப்போ பெரிது. அமெரிக்க நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் 87 விழுக்காடு இன்று முறையான விற்பனையில் கிடைப்பதில்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. நூலகங்கள் இவற்றை ஆராய்ச்சியாளர்க்குத் தொலைவிலிருந்தே பயிலத் தருவதற்கு விலக்களிக்க வேண்டும் என்னும் வேண்டுகோளை, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. பொழுதுபோக்கிற்காக ஆடுவார் பெருகி உரிமையாளர்க்கு இழப்பு நேரும் என்னும் அச்சம் அம்மறுப்பின் காரணங்களுள் ஒன்று.

ஈண்டுதான் நம் முதல் வினா விடை பெறுகின்றது. இன்பத்தையும் ஆராய்ச்சியையும் இரண்டாகப் பிரித்து, இன்பம் நுகர்வானுக்குக் கதவடைத்தல் பேணும் வழியாகாது. ஓதி இன்புற்றாரே ஏட்டைப் பெயர்த்தெழுதினர். அவர் பெயர்த்தெழுதியதே நமக்கு எஞ்சியது. உட்ஸ் ஆராய்ச்சி கருதியா அட்வெஞ்சரைப் படியெடுத்தார்? ஆடி மகிழ்ந்தமையால் படியெடுத்தார். மூலமும் அதனால் எஞ்சியது. இளமை நினைவே காரணம் எனின், 1980களுக்குப் பின் பிறந்தார் பலர் இவற்றை விரும்பிப் பயில்தல் எவ்வாறு?

முடிபு

இத்துறையில் புகவிரும்பும் முதுகலை மாணவர்க்கு மூன்று கருத்துக்களை வைக்கின்றோம். ஒன்று, விளையாட்டொன்றை ஆராயுங்கால் எப்பாடம், எவ்வாண்டினது, எப்பொறிக்குரியது என்பதை முதற்கண் சுட்டுக. 350 பாடத்தை ஆடிவிட்டுக் கிரௌதரைப் பற்றி முடிவு கூறற்க. இரண்டு, ஆர்வலர் தொகுத்த செய்திகளை நன்றியுடன் கொள்க. ஆனால் மூலத்தோடு ஒத்துப் பார்த்தே கொள்க. மூன்று, ஆடாது எழுதற்க. நூலை ஓதாது உரை வரைதல் எவ்வாறு கூடாதோ, அவ்வாறே இதுவும் கூடாது. இம்மூன்றும் சுவடித்துறை நமக்குக் கற்பித்தவையே. காந்த நாடாவில் தோய்ந்த நூல்களுக்கும் அவற்றை வழங்குவதில் நம் துறை காலம் தாழ்த்தலாகாது. அவற்றைப் படிக்கவல்ல பொறிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.