ரீமிக்ஸ் என்னும் பெயரும் கிடைக்காத பதிவும்: தமிழ் ஆட்டப்பாடல்களை முன்வைத்து

தமிழ்த் திரையிசையில் ‘ரீமிக்ஸ்’ என்னும் சொல் குறைந்தது மூன்று வேறு செயல்களைக் குறிக்கிறது. ‘நியூ’ (2004) படத்தின் ‘தொட்டால் பூ மலரும்’, வாலியின் பழைய வரிகளுக்குப் புது மெட்டு அமைத்தது. ‘பொல்லாதவன்’ (2007) படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’, 1979இல் அப்பாடலைப் பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்தையே மீண்டும் பாடவைத்து, யோகி பியின் சொல்லிசையையும் சேர்த்துக்கொண்டது. இவ்விரண்டும் மறுபதிவுகளே. மூலப் பதிவையே எடுத்து, ஆடுவோர்க்கு ஏற்பத் தாளப்பகுதியை நீட்டியும் வரிகளை வெட்டியும் கோப்பது மூன்றாவது வகை. பெயருக்கு உரியது அதுவே. பெயரை முதலிரண்டும் எடுத்துக்கொண்டன.

இசை நிறுவனங்கள் முதலிரண்டையும் படப்பாடல்களாக விற்றன. மூன்றாவது, பெரும்பாலும் விற்பனைக்கே வரவில்லை. அமெரிக்காவில் வால்டர் கிப்பன்ஸ் நீட்டிக் கோத்த ‘டென் பர்சென்ட்’, 1976இலேயே 12 அங்குல இசைத்தட்டாகக் கடைகளில் கிடைத்தது. அத்தகைய தனி வெளியீட்டு வடிவம் தமிழில் வேரூன்றவில்லை.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவு, முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின் உரிமத்தொகை செலுத்தி மறுபதிவு செய்ய வழிவிடுகிறது. ஆனால் பாடலில் மாற்றம் செய்வதைப் பெரிதும் தடுக்கிறது. மூலப் பதிவைக் கையாள்வது அப்பிரிவின் எல்லைக்குள்ளேயே வராது. மறுபுறம், திருமணத்தையும் அதனைச் சார்ந்த கொண்டாட்டங்களையும் ஒட்டிப் பாடல்களை ஒலிக்கச்செய்வதற்கு 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆகவே சரவணம்பட்டியின் மண்டபமொன்றில் வரவேற்பு இரவன்று ஒலிபரப்பாளர் பழைய பாடலை ஒலிக்கச்செய்யலாம். அதைத் தாம் கோத்த வடிவில் வெளியிட முற்பட்டால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். உறவினர் கூட்டம் ஆடித்தீர்த்த கோப்பு அவருடைய பென் டிரைவோடு நின்றுவிடுகிறது. (மணமக்களின் காணொளியில் பின்னணியாக எஞ்சுவது நற்பேறு.)

அனுமதி யாரிடம் பெறுவது என்பதும் தெளிவாக இல்லை. ‘குட் பேட் அக்லி’ (2025) படத்தில் தம் பாடல்கள் பயன்பட்டதை எதிர்த்து இளையராஜா சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். இசை நிறுவனங்களிடம் அனுமதி பெற்றதாகத் தயாரிப்புத் தரப்பு கூறியது. செப்டம்பரில் இடைக்காலத் தடை பிறந்தது. நெட்ஃபிளிக்ஸிலிருந்து படமே நீக்கப்பட்டது. இசையமைப்பாளரின் கோரிக்கையில் நியாயம் உண்டு. எனினும் பெருந்தயாரிப்பு நிறுவனத்துக்கே உரிமையாளர் இன்னார் என உறுதிப்படாத சந்தையில், சிற்றூர் ஒலிபரப்பாளர் எவரிடம் விண்ணப்பிப்பார்? விண்ணப்பிக்காதவரின் ஆக்கம் பதிவேட்டில் ஏறுவதில்லை. திரையிசை ஆய்வுகளும் படப்பட்டியல்களையே சான்றாகக் கொள்வதால், கொங்குப் பகுதியின் மண்டபங்களில் மக்கள் உண்மையில் எதற்கு ஆடினர் என்பது அவற்றுள் இடம்பெறவில்லை.