முனகலும் கடகடப்பும்

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் சத்தம் போட்டால், ரேக்கையே மாற்றிவிடு என்பது சுலபமான தீர்ப்பு. அது வைத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. சத்தம் வரும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி, இன்ஜின் ஓடும்போது மட்டும் முனகினால் சந்தேகம் முதலில் பம்ப், பெல்ட், ஆயில் மீது போகவேண்டும். ஆயில் குறைந்து காற்று கலந்தால் நுரைத்து உறுமும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடிக்கையில் எழும் சீறலோ பெரும்பாலும் நோயே அல்ல, அழுத்தம் மிகுந்து வால்வு திறக்கும் ஓசை. இன்ஜினை நிறுத்திய பின்னும் 'கடக்' என்று கேட்டால் பம்ப் நிரபராதி. அப்போது ஒருவர் ஸ்டியரிங்கை இடம்வலமாகச் சிறிது ஆட்ட, இன்னொருவர் டை ராட் முனையில் விரல் வைக்கவேண்டும். தேய்ந்த மூட்டின் துள்ளல் காதுக்கு முன்னே விரலுக்குத் தெரியும்.

இரும்பு வழியே ஓசை ஊர்ந்து வேறெங்கோ கேட்குமே, காதை நம்பலாமா என்றால், நியாயமான கேள்விதான். விரலைத் துணைக்கு அழைப்பதே அதனால்தான். ஸ்கேனர் இருக்கிறதே என்பவர்களுக்கு: தேய்ந்த பால் ஜாயின்ட் எந்தக் கணினியிலும் பிழைக்குறியீடு எழுதாது. காய்ந்த ரப்பர் புஷ்ஷும் அப்படியே. தண்ணீர் தெளித்தால் மட்டும் சற்று நேரம் வாயை மூடும்.