கரை எங்கே நிற்கும் என்று கணக்குச் சொல்லுமா?

கடலோரத்தில் ஒருவர் மனை வாங்கி வீடு கட்ட அனுமதி கேட்கிறார். அந்த வீடு 75 ஆண்டுகள் நிற்க வேண்டும். 75 ஆண்டுகளுக்குப் பிறகு கடல் எங்கே இருக்கும்? இக்கேள்விக்கு விடை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் சிலர் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கடலோர ஆணையத்தின் அனுமதிப் பிரிவில் பணிபுரியும் ஆய்வாளர்கள் அத்தகையோர். அவர்களுடைய மேசையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நூலைப் படித்துப் பார்ப்போம்.

நூலின் பெயர் 'பயனற்ற கணக்கு' என்று பொருள்படும் 'யூஸ்லெஸ் அரித்மெடிக்'. 2007இல் கொலம்பியா பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. எழுதியவர்கள் ஆரின் பில்கியும் அவர் மகள் லிண்டா பில்கி-ஜார்விஸும். இருவரும் நிலவியல் கற்றவர்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த தந்தை, கடற்கரையில் சுவர் எழுப்புவதை ஓயாமல் எதிர்த்தவர், 2024இல் மறைந்தார். இயற்கையின் போக்கைக் கணித மாதிரிகளால் எண்ணளவில் முன்னறிந்து சொல்ல முடியாது என்பது நூலின் வாதம். கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் காட் மீன் வளம் அழிந்து, 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்த கதை அதில் உண்டு. யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைப்பதற்காகப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் போட்ட கணக்கும் உண்டு. நாம் கடற்கரையைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பில்கியின் கை தேர்ந்த இடம் அதுவே.

அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது புரூன் விதி. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் பெர் புரூன் 1962இல் வெளியிட்டது. விதி மிக எளியது. கடல்மட்டம் உயர்ந்தால், அலைகள் கரையின் மேற்பகுதியிலுள்ள மணலை அரித்துக் கடலடியில் பரப்பும். கடலடியும் அதே அளவு உயரும். ஆக, கரையின் வடிவம் மாறாமல் முழுவதுமாகப் பின்னுக்கு நகரும். பின்வாங்கும் தூரத்தைக் காண, மட்ட உயர்வைக் கரையின் சராசரிச் சரிவால் வகுத்தால் போதும். சரிவு நூற்றில் ஒன்று என்றால், 30 சென்டிமீட்டர் உயர்வுக்குக் கரை 30 மீட்டர் பின்வாங்கும். பள்ளி மாணவனும் மனக்கணக்காகப் போட்டுவிடலாம். இந்த எளிமையே அது உலகெங்கும் பரவியதற்குக் காரணம் என்று ஆசிரியர்கள் சொல்வது சரியே.

ஆனால் விதியின் அடியில் கிடக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். மணல் கரையோரமாக இடம்வலமாக நகரக் கூடாது. சென்னைத் துறைமுகத்தை அறிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று சொல்லத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. கடல்மட்டத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அடுத்து, கரை முழுவதும் மணலாக இருக்க வேண்டும். பாறை குறுக்கிடக் கூடாது. மேலும், ஓர் ஆழத்துக்கு அப்பால் மணல் அசையவே அசையாது என்று கொள்ள வேண்டும். பெரும்புயல் அந்த எல்லையை மதிப்பதில்லை. அந்த ஆழத்தை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்பச் சராசரிச் சரிவு மாறும். நூற்றில் ஒன்று ஐம்பதில் ஒன்றானால், 30 மீட்டர் 15 மீட்டராகிவிடும். விடையை நிர்ணயிப்பது இயற்கையா, கணக்குப் போடுபவரின் விருப்பமா? இந்தக் கேள்வியை நூல் கூர்மையாகக் கேட்கிறது. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இப்பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கங்களையும் விடைத்தாளில் இறக்கி வைக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதே பழக்கம் அரசாங்க அறிக்கைகளிலும் இருக்கிறது என்பதை இந்நூல் காட்டுகிறது.

இனி நம் ஆய்வாளரின் மேசைக்கு வருவோம். 1972இல் கலிபோர்னிய மக்கள் நேரடி வாக்கெடுப்பின் வழியாகக் கடலோரக் காப்பு ஆணையத்தை உண்டாக்கினார்கள். 1976இல் நிலையான சட்டம் வந்தது. புதிய கட்டடம் உறுதியான நிலத்தில் அமைய வேண்டும். பின்னாளில் தடுப்புச்சுவர் கேட்கும் நிலை வரக் கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். அக்கரையின் பெரும்பகுதி மணல்வெளியன்று, செங்குத்தான மேடு. ஆகவே அங்கே வேறு கணக்கு. மேட்டின் விளிம்பிலிருந்து, மண் சரியாமல் நிற்கும் காப்பெண் 1.5 கிடைக்கும் இடம்வரை ஒரு தூரம். ஆண்டுக்கு எவ்வளவு அரிபடுகிறது என்பதைக் கட்டடத்தின் ஆயுளால் பெருக்கினால் வருவது இன்னொரு தூரம். இரண்டையும் கூட்டி, அதற்கு அப்பால்தான் கட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, முதல் தூரம் 10 மீட்டர், அரிமானம் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர், ஆயுள் 75 ஆண்டு என்று வையுங்கள். மொத்தம் 25 மீட்டர். அரிமானத்தை 30 சென்டிமீட்டர் என்று கொண்டால் 32.5 மீட்டர். மனையின் ஆழமே 30 மீட்டர் என்றால்? முதல் கணக்கில் ஒடுக்கமாகவாவது ஒரு வீடு உண்டு. இரண்டாவதில் வீடே இல்லை. ஓர் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. அதில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு அடங்கிவிடுகிறது. அந்த எண்ணோ, பழைய வான்படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பெற்ற சராசரி. 50 ஆண்டில் 10 மீட்டர் போயிற்று என்றால், அது ஆண்டுதோறும் சீராகப் போயிருக்காது. 1982-83, 1997-98 எல் நினோக் குளிர்காலங்களைப் போன்ற ஒரு பருவத்தில் பாதி போயிருக்கும். 2019 ஆகஸ்டில் என்சினிட்டாஸ் நகரில் மேடு திடீரென இடிந்து, கீழே கடற்கரையில் இருந்த மூவர் உயிரிழந்தனர். அப்போது புயலும் இல்லை, குளிர்காலமும் இல்லை. சராசரி அவர்களுக்கு எதையும் சொல்லியிராது.

இதுவரை எல்லாம் நூலாசிரியர்களுக்குச் சாதகமே. ஆனால் அவர்கள் தரும் மாற்று மருந்தில்தான் எனக்கு வழக்கு. 'எங்கே, எப்போது, எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'ஏன், எப்படி, இப்படியானால் என்ன' என்று மட்டும் கேளுங்கள் என்கிறார்கள். ஆராய்ச்சியாளர் அப்படி நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வாளரால் முடியாது. அவருடைய அறிக்கை, வாக்குரிமையுள்ள 12 ஆணையர்கள் முன்னால் போகும். மறுத்தால் வழக்கு வரும். 'கரை பின்வாங்கும், எவ்வளவு என்று சொல்ல இயலாது' என்று அவர் எழுதினால், அவையில் எண்ணோடு நிற்பவர் மனைக்காரர் பணம் கொடுத்து அமர்த்திய நிபுணர் ஒருவர்தான். எண் இல்லாத உண்மை, எண் உள்ள பொய்யிடம் தோற்பதை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம். தோற்றால் இழப்பு கடற்கரைக்கு வருபவர்கள் எல்லோருக்கும். பின்னாளில் வீட்டைக் காக்கச் சுவர் எழும். சுவர் மேட்டிலிருந்து விழும் மணலைத் தடுக்கும். முன்னே கடல் ஏற, பின்னே நகர இடமின்றி மணற்பரப்பு ஒடுங்கும்.

நூல் கவனிக்காமல் விட்ட வழி ஒன்று உண்டு. ஒரே எண்ணைச் சொல்லாமல் எல்லைகளைச் சொல்வது. அவ்வாணையம் 2015இல் வெளியிட்டு, 2018இலும் 2024இலும் திருத்திய கடல்மட்ட வழிகாட்டி அவ்வாறுதான் செய்கிறது. 2024ஆம் ஆண்டின் மாநில மதிப்பீட்டில் 2100ஆம் ஆண்டுக்கு 1 அடி முதல் 6.6 அடி வரை ஐந்து நிலைகள் உள்ளன. எந்த நிலை வந்தாலும் தாங்குமா என்று பார்க்கலாம். அதோடு, அனுமதியிலேயே நிபந்தனை போடலாம்: எதிர்காலத்தில் சுவர் கேட்க மாட்டேன், மேட்டின் விளிம்பு நெருங்கினால் வீட்டை அகற்றுவேன் என்று. இப்படிப்பட்ட நிபந்தனைகள் அங்கே உண்மையில் விதிக்கப்படுகின்றன. கணக்குத் தவறினால் அதன் சுமை யார் தலையில் என்பதை முன்பே தீர்த்துவிடுவதால், கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் குறைகிறது. கணக்கைப் 'பயனற்றது' என்று தள்ளிவிட்டவர்களுக்கு இது கண்ணில் படாதது இயல்பே. ஆனாலும் அந்த நிபந்தனைகளுக்கு 40 ஆண்டு கழித்து வீட்டுக்காரரும் நீதிமன்றமும் எவ்வளவு மதிப்புத் தருவார்கள் என்பது வேறு விஷயம்.

தலைப்பும் கொஞ்சம் மிகை. 30 மீட்டர் என்ற விடை தவறாக இருக்கலாம். 3 மீட்டருமல்ல, 3 கிலோமீட்டருமல்ல என்று தெரிவதும் அறிவுதான். மேலும் ஆசிரியர்கள் தோற்ற கணக்குகளை மட்டும் பொறுக்கி அடுக்குகிறார்கள். பழைய முன்கணிப்புகளை எடுத்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று மற்றவர்களைக் கேட்கும் நூல், அந்த வேலையைத் தானே முறையாகச் செய்யவில்லை. 1970களின் பிற்பகுதியில் 75 ஆண்டு ஆயுள் என்று கொண்டு கட்டிய ஒரு வீட்டுக்கு இப்போது பாதிக்குமேல் காலம் கழிந்துவிட்டது. அன்று எதிர்பார்த்த விளிம்பு எங்கே, இன்றைய விளிம்பு எங்கே என்று பத்து மனைகளிலாவது நாடாவைப் பிடித்து அளந்து, பலித்தவை இத்தனை, பிழைத்தவை இத்தனை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், நூலின் பாதி வாதத்தை அந்தப் பக்கமே நிறுவியிருக்கும், அல்லது தகர்த்திருக்கும்.