நம்பிக்கையிழந்த கை பரிமாறும் அப்பம்

ஒரு படைப்பின் பெயரை மாற்றி வழங்கும்போது சில வேளைகளில் அதன் பொருளே இடம்பெயர்ந்து விடுகிறது. சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மர் பெர்க்மன் 1963இல் வெளியிட்ட ஒரு திரைப்படத்திற்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. ஆங்கிலம் பேசும் உலகம் அதனை 'விண்டர் லைட்', அதாவது குளிர்கால ஒளி, என்றே அறியும். நமது திரைப்படச் சங்கங்களிலும் சிற்றிதழ்களிலும் அந்தப் பெயரே புழங்கிற்று. ஆனால் பெர்க்மன் தம் மொழியில் இட்ட பெயர் 'நாத்வார்ட்ஸ்யெஸ்தெர்னா'. 'நாத்' என்பது இரவு. 'வார்ட்' உணவைக் குறிக்கும் பழஞ்சொல். இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உண்ட இரவுணவையும், அதன் வழியாகத் தேவாலயத்தில் அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படும் சடங்கையும் அச்சொல் குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் அச்சடங்கை நற்கருணை என்பர். புரொட்டஸ்டண்டுகளிடையே திருவிருந்து என்ற வழக்கும் உண்டு. அவர்களின் பழைய சொல் 'இராப்போஜனம்'. சுவீடிஷ் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து நிகரான சொல் இது. ஆகவே படத்தின் பெயரைத் தமிழில் 'இராப்போஜன விருந்தினர்' என்று தயக்கமின்றிச் சொல்லலாம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்குக் கொணர்ந்த லூத்தரன் மரபுதான் சுவீடனுடைய மரபும். 1921இல் தமிழ் லூத்தரன் திருச்சபையின் முதல் பேராயராகப் பொறுப்பேற்ற ஏர்ன்ஸ்ட் ஹெய்மன் ஒரு சுவீடன்காரர். இந்தப் படத்தின் உள்ளறைக்குள் நுழைய ஆங்கிலத் தலைப்பைக் காட்டிலும் நம் பழைய தமிழ்ச் சொல் நல்ல சாவியாக இருப்பதில் வியப்பில்லை.

இதைச் சொல்வதற்கு எனக்கொரு தனிப்பட்ட காரணமும் உண்டு. இளமையில் இப்படத்தை முதன்முறை பார்த்தபோது ஒரு வாதியின் கண்களோடுதான் பார்த்தேன். ஆளில்லாத ஆலயம், தன் இறைவன்மீதே நம்பிக்கையற்றுப் போன போதகர், ஆறுதல் தேடி வந்து அது கிடைக்காமல் தற்கொலை செய்துகொள்ளும் மீனவர்! மேற்கின் மார்க்கம் உள்ளீடற்றுப் போய்விட்டது என்பதற்கு அந்த மேற்கே எழுதித் தந்த வாக்குமூலம் என்று எண்ணினேன். சில மேடைகளில் அவ்வாறே பேசியும் இருக்கிறேன். நம்மவர் பலரும் பிறருடைய கலையை இன்றும் இப்படித்தான் கையாளுகிறோம். சடங்கின் சட்டத்தை அறியாமல் சடங்கைப் பற்றிய படத்தை நான் வாசித்திருக்கிறேன் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

கதை மிகச் சிறிது. நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றின் நண்பகலில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்து விடுகிறது. மித்சுண்டா என்னும் சிற்றூரின் கல் ஆலயத்தில் போதகர் தோமாஸ் திருவிருந்து நடத்துகிறார். ஆலயத்தில் இருப்போர் ஒரு சிலரே. அவர்களிலும் பலிபீடத்தின் முன் வந்து முழந்தாளிடுவோர் இன்னும் சிலரே. காய்ச்சலோடிருக்கும் தோமாஸ் ஒவ்வொருவர் வாயிலும் அப்பத்தை இட்டு, பொதுக் கிண்ணத்தை அருந்தத் தருகிறார். மீனவர் யோனாஸும் அவர் மனைவி காரினும் அங்கே இருக்கிறார்கள். தோமாஸை நேசிக்கும் பள்ளி ஆசிரியை மேர்த்தாவும் இருக்கிறாள். அவள் இறைநம்பிக்கை இல்லாதவள். ஆயினும் வந்து மண்டியிட்டு அப்பத்தைப் பெறுகிறாள். வழிபாடு முடிந்தபின் யோனாஸ் தம் அச்சத்தைச் சொல்ல வருகிறார். சீனர்கள் அணுகுண்டு செய்யப் போகிறார்கள் என்ற செய்தி அவர் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. (சீனா முதல் அணுகுண்டை வெடித்தது 1964இல், படம் அதற்கு முந்தியது.) தேற்ற வேண்டிய போதகரோ தம்முடைய ஐயங்களைக் கொட்டித் தீர்க்கிறார். யோனாஸ் ஆற்றங்கரைக்குச் சென்று துப்பாக்கியால் தம்மை மாய்த்துக் கொள்கிறார்.

விமர்சகர்கள் பெரும்பாலும் இதனை 'இறைவனின் மௌனம்' பற்றிய படம் என்றே எழுதியுள்ளார்கள். பெர்க்மனின் மூன்று படங்களை ஒரு வரிசையாக வைத்துப் பேசும் வழக்கமும் அதற்குத் துணை நின்றது. அது பிழையில்லை, போதவில்லை. படத்தின் முதற்காட்சி இறைவன் இருக்கிறானா என்று கேட்கவில்லை. அது கேட்பது இன்னும் குறுகியது, இன்னும் கூரியது. நம்பிக்கையற்ற கை பரிமாறிய உணவு உணவாகுமா? நம்பிக்கையற்ற வாய் பெற்றுக்கொண்டால் அது என்னவாகும்?

இக்கேள்விக்குக் கிறிஸ்தவ உலகில் ஒரே விடை இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை, குருவின் வார்த்தையால் அப்பமும் இரசமும் தம் உள்ளியல்பில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்று கொள்கிறது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் அதற்குரிய சொல்லை ஏற்றது. 1551இல் திரெந்து சங்கம் அதை உறுதி செய்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையும் மாற்றத்தை நம்புகிறது. ஆனால் அதனை விளக்க முற்படாமல் மறைபொருளாக விட்டுவிடுகிறது. அங்கே புளித்த மாவின் அப்பம் இரசத்தில் தோய்க்கப்பட்டுக் கரண்டியால் ஊட்டப்படும், கைக்குழந்தைக்கும் உண்டு. குவேக்கர்களும் இரட்சணிய சேனையினரும் இச்சடங்கையே நடத்துவதில்லை.

நமக்கு இங்கே முக்கியமானது புரொட்டஸ்டண்டுகளுக்குள் எழுந்த பிளவு. 1529 அக்டோபரில் ஹெஸ்ஸன் சிற்றரசர் பிலிப், லூத்தரையும் சூரிச்சின் ஸ்விங்லியையும் மார்பூர்க் கோட்டைக்கு அழைத்து இணக்கம் காண முயன்றார். அப்பத்தைத் தம் உடல் என இயேசு சொன்ன சொற்றொடரை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு வாதாடினார். 'ஆகும்' என்ற வினைக்குக் 'குறிக்கும்' என்று பொருள் கொள்ள வேண்டும் என்றார் ஸ்விங்லி, லூத்தர் மறுத்தார். பதினைந்து கூறுகளில் பதினான்கில் உடன்பட்டவர்கள் பதினைந்தாவதான இந்த ஒன்றில் பிரிந்தார்கள். ஐரோப்பாவின் லூத்தரன், சீர்திருத்தச் சபைகளில் பல ஒரே பந்தியில் அமர உடன்பட்ட லாய்யன்பெர்க் உடன்படிக்கைக்கு 1973 வரை, 444 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு வினைச்சொல்லின் விலை அது. இறைவனின் கை, முகம் பற்றிய வசனங்களுக்கு விளக்கம் கூறுவதில் நம் கலாம் அறிஞர்கள் எத்தனை அணிகளாகப் பிரிந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

இந்த வேறுபாடு படத்திற்குள் எப்படி வேலை செய்கிறது? விருந்து வெறும் நினைவுகூரலென்றால், நம்பாதவன் உண்பது வெறும் அப்பம். கதை முதற்காட்சியிலேயே முடிந்துவிடும். லூத்தரின் கோட்பாடு அந்த வசதியைத் தருவதில்லை. நம்பாதவன் உண்டாலும் அவன் பெறுவது அதே உடல்தான்; அது அவனுக்கு நன்மையாகாமல் தீர்ப்பாக அமையும். பரிமாறுபவன் கெட்டவனானாலும் விருந்து செல்லும் என்று 1530ஆம் ஆண்டின் ஆவுக்ஸ்பூர்க் அறிக்கை தன் எட்டாவது கூறில் வரையறுத்தது. இதன் வேர் இன்னும் பழையது. ரோமானியக் கொடுமைக்கு அஞ்சி வேதநூல்களைக் கையளித்த ஆயர்களிடமிருந்து பெற்ற சடங்குகள் செல்லாது என்றனர் வட ஆப்பிரிக்காவின் தொனாத்தியர். இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகுஸ்தீன் அவர்களை எதிர்த்தார். சடங்கு இறைவனுடையது, பணியாளனுடையதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஆக தோமாஸுக்குத் தப்பிக்க வழியில்லை. நம்பிக்கை போய்விட்டது என்பதற்காக அவர் கை தரும் அப்பம் வெறுமையாகி விடாது. தம்மால் இயலாத ஒன்றைத் தம் கை செய்துகொண்டே இருப்பதுதான் அவருடைய தண்டனை. காய்ச்சலால் சிவந்த அந்த முகத்தை குன்னர் பியோர்ன்ஸ்ட்ராண்ட் எத்துணை அடக்கமாகக் காட்டுகிறார் என்பதை இந்தச் சட்டம் தெரிந்து பார்த்தால்தான் உணர முடியும்.

நம் மரபிலும் இதற்கொரு இணை உண்டு. கிப்லாவை நோக்குவோரில் நல்லவர், தீயவர் எவர் பின்னும் தொழலாம் என்பதை இமாம் தஹாவி தமது அகீதாவில் ஒரு கொள்கையாகவே வைத்தார். பாவியான இமாமின் பின்னால் தொழுவது வெறுக்கத்தக்கதாயினும் நிறைவேறும் என்பதே நம் சட்ட அறிஞர்களின் பொதுவான நிலை. ஆனால் இமாம் இறைமறுப்பாளர் என்று தெரியவந்தால் அத்தொழுகையை மீட்டித் தொழ வேண்டும் என்று சட்டநூல்கள் பொதுவாகக் கூறும். இந்த இடத்தில் இரு மரபுகளும் பிரிகின்றன. இமாம் நம்முன் நிற்பவர். நமக்கும் இறைவனுக்கும் இடையே எதையும் கையளிப்பவரல்லர். தோமாஸ் கையளிப்பவர். கையளிப்பவர் ஒருவர் இருக்கும் மார்க்கத்தில் அவருடைய அகம் இத்தகைய நாடகத்தின் களமாவது இயல்பே.

பிறகு விருந்தினர். மேர்த்தா எந்தத் தகுதியில் வந்தாள்? தகுதியின்றி உண்பவன் தன்மீதே தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதி எச்சரித்தார். அதே மடலில், செல்வர்கள் முந்திக்கொண்டு உண்ண வறியோர் பசித்திருந்ததையும் கண்டித்தார். பந்தியில் யார் யாரோடு அமர்வது என்பது தொடக்கத்திலிருந்தே இச்சடங்கின் காயம். தமிழகத்தில் அது சாதியாக வெளிப்பட்டது. ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்து, ஒரே கிண்ணத்தில் அருந்தும் முறைக்கும் வரிசை வகுத்த சபைகளில் அவ்வேற்றுமை ஒழிய வேண்டும் என்று 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சையில் எதிர்ப்பு வெடித்தது. மேர்த்தாவின் நிலை வேறு. அவளை எவரும் தடுக்கவில்லை. அவள் உடலே அவளைத் தடுக்கிறது. கைகளிலும் நெற்றியிலும் படர்ந்த சொறியைக் கண்டு தோமாஸ் அருவருத்ததை அவள் ஒரு நெடிய கடிதத்தில் எழுதுகிறாள். இங்ரிட் துலின் நம்மை நேராகப் பார்த்து அக்கடிதத்தைச் சொல்லும் பல நிமிடக் காட்சி திரைப்பட வரலாற்றில் அரிதானது. கிறிஸ்துவின் உடலை ஏந்தும் கைகளால் ஒரு பெண்ணின் புண்பட்ட கைகளைத் தொட முடியவில்லை. படத்தின் கடுமையான குற்றச்சாட்டு இதுவே. இது மௌனமாயிருக்கும் இறைவன் மீது சுமத்தப்பட்டதன்று.

குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பெயர் தந்ததே ஓர் உணவுத் தட்டுதான். ஈஸா (அலை) அவர்களிடம் ஹவாரிய்யூன்கள் வானிலிருந்து மாயிதாவை இறக்கித் தருமாறு கேட்டார்கள். அதிலிருந்து உண்ணவும் தம் உள்ளங்கள் அமைதி பெறவும் வேண்டும் என்றார்கள். முன்னவருக்கும் பின்னவருக்கும் அது பெருநாளாக அமையட்டும் என நபி பிரார்த்தித்தார். அதன் பின்னர் நிராகரிப்பவருக்கு, அகிலத்தாரில் எவருக்கும் தராத வேதனையைத் தருவேன் என்ற எச்சரிக்கையோடு இறைவனின் விடை வந்தது. அவ்வெச்சரிக்கையைக் கேட்டுச் சீடர்கள் கோரிக்கையைக் கைவிட்டனர், தட்டு இறங்கவில்லை என்று ஹஸன் அல்-பஸரீ, முஜாஹித் போன்றோர் கருதினர். இறங்கியது என்பது பெரும்பாலோர் கூற்று. அப்பம் உடலாவதோ பலியோ இங்கே இல்லை. எனினும் நம் ஓதலில் அடிக்கடி கடந்துபோகும் இவ்வசனங்களைப் பெர்க்மனின் படத்திற்குப் பின் ஓதியபோது, உண்ட பிறகு நம்பாதிருத்தல் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று நின்று யோசிக்க நேர்ந்தது.

கத்தோலிக்கச் சூழலில் இதே கேள்வி எப்படித் தோன்றும் என்பதற்கு ராபர்ட் பிரெஸ்ஸோனின் 'ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' (1951) இருக்கிறது. பெர்னானோஸின் 1936ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. வயிற்று நோயால் அந்த இளம் குரு உண்பதே இரசத்தில் தோய்த்த ரொட்டிதான். அவர் வாழ்வே ஒரு நற்கருணையாகி விடுகிறது. இறுதியில் அவருக்குப் பாவமன்னிப்பு அளிப்பவரும் குருத்துவத்தைத் துறந்து போன நண்பரே. மரணத் தறுவாயில் அந்தக் கையும் செல்லும் என்பது அச்சபையின் சட்டம். பிரெஸ்ஸோனின் குரு தனியாக நின்றாலும் பூசை பூசைதான். லூத்தர் தனிப்பூசையை ஒழித்தார். உண்ண ஆளில்லாத இடத்தில் இராப்போஜனம் இல்லை. பெர்க்மன் தலைப்பில் விருந்தினரை ஏன் வைத்தார் என்பது இந்த ஒப்பீட்டில் தெளிவாகிறது.

பிற்பகலில் தோமாஸ் ஃப்ரோஸ்ட்நேஸ் என்ற மற்றோர் ஆலயத்துக்குச் செல்கிறார். அங்கே ஊனமுற்ற பணியாள் அல்கோட் அவரிடம் ஒன்று சொல்கிறார். சிலுவை நிகழ்வு குறித்து நம் நம்பிக்கை வேறு என்றாலும், அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இயேசு பட்ட உடல் வேதனை சில மணி நேரந்தான், தன் உடலில் தான் அதைவிட நெடுங்காலம் பட்டிருப்பேன் என்கிறார். அதைவிடப் பெருந்துன்பம், கூட இருந்தவர்கள் எதையும் விளங்கிக்கொள்ளாதது. அந்த இரவுணவின் பொருளைக்கூட அறியாமல் அவர்கள் உறங்கிப் போனார்கள் என்கிறார். முதல் விருந்தினரே தகுதியற்ற விருந்தினர் என்பதைப் படத்தில் சொல்பவர் போதகரல்லர். மணி அடிக்கும் ஆள்.

பெர்க்மனின் தந்தை எரிக் ஒரு லூத்தரன் போதகர். 1987இல் வெளியான தன்வரலாற்றில் பெர்க்மன் ஒரு நாளை நினைவுகூர்கிறார். தந்தையோடு உப்லாந்துப் பகுதி ஆலயம் ஒன்றுக்குச் சென்றபோது, உடல்நலமில்லை, இன்று திருவிருந்து இல்லை என்று அங்கிருந்த போதகர் அறிவித்தார். முதியவரான தந்தை எழுந்து உள்ளறைக்குச் சென்றார். சற்று நேரத்தில் விருந்து நடந்தது, அவரே துணை நின்றார். படத்தின் முடிவு அங்கிருந்துதான் வந்தது என்கிறார் மகன். படத்திலோ விருந்து மீளவில்லை. ஃப்ரோஸ்ட்நேஸில் மாலை வழிபாட்டுக்கு மணி அடித்தாயிற்று. இருக்கைகளில் நம்பிக்கையற்ற மேர்த்தாவைத் தவிர ஒருவரும் இல்லை. வழிபாட்டைக் கைவிட்டால் கேட்பாரில்லை. தோமாஸ் பலிபீடத்திலிருந்து திரும்பி, இறைவன் தூயவன் என்னும் துதியைச் சொல்லத் தொடங்குகிறார்.