மைலேஜ் கொறஞ்சிட்டுன்னு யார் அளந்தா?

சங்கரன்கோவில் பக்கம் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற வசனம் இது: "அண்ணாச்சி, முன்ன பதினெட்டு குடுத்த வண்டி, இப்போ பதினாலுதான் குடுக்கு." பட்டறையில் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய மனப்பாடம்: "நாசில் போயிருக்கும், கழட்டிப் பாத்திருவோம்." கேள்வி, பதில் இரண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நாசில் தேயாது என்று நான் சொல்லவில்லை. தேயும். ஆனால் அது விசாரணை முடிந்தபிறகு வரவேண்டிய தீர்ப்பு. நாம் அதை முதல் தகவல் அறிக்கையிலேயே எழுதிவிடுகிறோம்.

இதில் போகிற பணம் எவ்வளவு என்று பார்ப்போம். தினம் 100 கி.மீ. ஓடும் வாடகை வண்டி 18-லிருந்து 14-க்கு இறங்கினால், 5.56 லிட்டர் பிடித்த இடத்தில் 7.14 லிட்டர் பிடிக்கும். சுமார் 1.6 லிட்டர் கூடுதல். டீசல் 90 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் நாளுக்கு 140 ரூபாய்க்கு மேல். மாதம் 25 நாள் ஓடினால் 3,500 ரூபாய். தவணை கட்டி ஓட்டுகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை. தப்பான இடத்தில் கை வைத்தால் பம்ப், நாசில் செலவும் போகும். இந்த 3,500-ம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

முதல்ல, உண்மையிலேயே குறைஞ்சதா?

பெரும்பாலானவர்கள் மைலேஜைக் கணக்கிடுவது ரூபாயில். "ஐநூறு ரூபாய்க்குப் போட்டேன், முள்ளு பழைய இடத்துக்கு வர்றதுக்குள்ள இவ்வளவுதான் ஓடிச்சு." ஐநூறு ரூபாய்க்கு ஐந்தரை லிட்டர் வருகிறது. பழைய வண்டியின் டீசல் முள்ளைப் பார்த்து ஒரு லிட்டர் முன்னே பின்னே சொல்வது சகஜம். அந்த ஒரு லிட்டர் பிசகினால், உண்மையில் 18 கொடுக்கிற வண்டி ஒரு முறை 15-க்குக் கீழே காட்டும், இன்னொரு முறை 21-க்கு மேலே காட்டும். 21 வந்தபோது யாரும் பட்டறைக்குப் போவதில்லை. 15 வந்தால் மட்டும் போகிறோம்.

சரியான முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்யத்தான் ஆளில்லை. டேங்க் ஃபுல் செய்து, 400-500 கி.மீ. ஓட்டி, அதே பங்க்கில் மறுபடியும் ஃபுல் செய்து, பில்லில் இருக்கும் லிட்டரால் வகுக்க வேண்டும். டீசல் நுரைக்கும், அதனால் ஆட்டோ கட் கொஞ்சம் முன்னதாகவே விழும். அதில் ஒரு லிட்டர் பிழை வந்தாலும், 30 லிட்டரில் அது 3 சதவீதம்தான். இப்படி மூன்று தடவை எழுதி வைத்தால் கையில் ஒரு எண் இருக்கும். அதுவரை கையில் இருப்பது சந்தேகம் மட்டுமே.

மீட்டரும் பொய் சொல்லலாம். 13 அங்குல ரிம்மில் 165/65 டயர் ஓடிய வண்டிக்கு 14 அங்குலத்தில் 175/65 போட்டால், சக்கரத்தின் விட்டம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஓடிய தூரத்தை மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். 18 கொடுக்கும் வண்டி, இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே, கணக்கில் 16.8 ஆகிவிடும்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வருகிற காற்றை நம்பித்தான் நம் பக்கத்துக் காற்றாலைகள் நிற்கின்றன. காரை எதிர்க்கும் காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். புளியங்குடிப் பக்கம் மேற்கே 60 கி.மீ. வேகத்தில் போகிறோம், எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால், எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்காகிறது. திரும்பி வரும்போது அது பாதிக்கும் கீழே இறங்குகிறது. "போறப்போ போனது வர்றப்போ வந்துரும்" என்று தோன்றும். வராது. இரண்டின் சராசரியைப் பார்த்தால் காற்றில்லாத நாளைவிட 11 சதவீதம் அதிகம். ஆக, பங்குனியில் எடுத்த எண்ணையும் ஆடியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து நாசிலைக் குற்றம் சொல்ல முடியாது.

கம்பெனி சொன்ன எண்ணோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. 2011-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 22.9. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல், ஏசி அணைத்து, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நடப்பது. ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிட அது உதவும். பத்து வருஷம் ஓடிய உங்கள் வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க உதவாது. ஒப்பிட வேண்டியது உங்கள் வண்டியின் பழைய எண்ணோடுதான். அதை எழுதி வைத்திருந்தால்!

ஒரே குற்றவாளியைத் தேடும் பழக்கம்

2008-ல் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்ற அளவுகோல் மனிதர்களை ஏமாற்றுகிறது என்பது அதன் சாரம். நம் 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' கணக்குக்கும் இது அப்படியே பொருந்தும். 22-லிருந்து 20-க்கு இறங்குவதும் 12-லிருந்து 10-க்கு இறங்குவதும் காதில் ஒன்றுபோலக் கேட்கின்றன. 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் பார்த்தால், முதலாவதில் இழப்பு 0.45 லிட்டர், இரண்டாவதில் 1.67.

இப்படித் திருப்பிப் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு: லிட்டர் இழப்புகளை வீட்டுச் செலவு மாதிரிக் கூட்டலாம், கழிக்கலாம். 18 என்பது 14 ஆனதில் நமக்குக் கணக்குத் தெரியவேண்டியது 1.6 லிட்டருக்கு. டயரில் காற்று குறைவு என்பார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், நாலு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். எட்டு பி.எஸ்.ஐ. குறைந்தாலும் 0.1 லிட்டர்தான் தேறும். மிச்சம் ஒன்றரை லிட்டர் எங்கே? "காத்து கம்மி" என்ற விளக்கம் இங்கேயே நின்றுவிடுகிறது. அதே மாதிரி "நாசில்" என்ற விளக்கமும் தன் பங்குக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பழைய வண்டியில் பெரும்பாலும் நாலைந்து சின்ன ஓட்டைகள் சேர்ந்துதான் பானை காலியாகிறது. நாம் தேடுவதோ ஒரு பெரிய ஓட்டையை.

இரண்டு இன்ஜின், ஒரே மருந்து

நம் சாலைகளில் மிச்சமிருக்கும் பழைய டீசல் கார்களில் இரண்டு தலைமுறைகள் உண்டு. 1998 கடைசியில் வந்த இண்டிகாவின் 1.4 லிட்டர் இன்ஜின் ஒன்று. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்னொன்று. ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனி வண்டிகளில் ஏறியதால் 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று பெயர் வாங்கியது. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதுவதுதான் என் அடுத்த குறை.

இண்டிகாவின் ஆரம்பகால பம்புக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பது பம்புக்குத் தெரியாது. ஃபில்டர் அடைத்தாலும் அது டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும், கரும்புகை வரும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு மைலேஜ் விழுந்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பம்ப் டைமிங். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் புது நாசில் போட்டும் பலன் இல்லை.

மல்டிஜெட் வேறு ஜாதி. அதில் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். உள்ளே போகும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் டீசல் விடுகிறது. டர்போவுக்குப் பிறகுள்ள ஹோஸில் வெடிப்பு இருந்தால், அளந்த காற்று வழியிலேயே ஓடிவிடும். கம்ப்யூட்டர் அது தெரியாமல் டீசலை விடும். இழுவை குறையும், புகை வரும். ஹோஸ் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் போதும்.

இந்த இன்ஜினில் 'ரிட்டர்ன் அதிகமாப் போகுது, அதான் மைலேஜ் இல்ல' என்றும் சொல்கிறார்கள். ரிட்டர்னில் போகிற டீசல் எங்கே போகிறது? டேங்க்குக்குத்தான். அதனால் வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். ஆனால் அந்த டீசல் வீணாகவில்லை. ரிட்டர்ன் குழாய்களில் நாலு பாட்டில் தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனை நல்ல சோதனைதான், நாசிலைக் கழற்றவே வேண்டாம். ஆனால் அது பதில் சொல்வது வேறு கேள்விக்கு. (ஓடுகிற இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயை மட்டும் யாரும் தளர்த்தக் கூடாது, அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

இரண்டு தலைமுறைக்கும் பொதுவான ஒரு கொடுமை தெர்மோஸ்டாட் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றித் தூக்கிப் போடும் பழக்கம் உண்டு. வண்டி சூடாகாது, உண்மைதான். ஆனால் சேரவேண்டிய சூட்டுக்கும் சேராது. குளிர்ந்த இன்ஜின் டீசலைக் கூடக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். அரைமணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லையா? நாசிலுக்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். 20 கி.மீ. ஓட்டிவிட்டு நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக் தன் சூட்டைக் காட்டிவிடும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும். மேல் கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச்.

தப்பு மெக்கானிக்கிடம் மட்டுமா?

இல்லை. மேலே சொன்ன சோதனைகளை ஒழுங்காகச் செய்ய அரை நாள் ஆகும். முடிவில் "ரெண்டு பிரேக் பிடிச்சிருந்துச்சு, வால்வு இல்ல, சரி பண்ணியாச்சு" என்று பில் நீட்டினால் நாம் என்ன சொல்கிறோம்? "சும்மா பாத்ததுக்கா இவ்வளவு?" பொருள் மாற்றினால் காசு தருகிறோம், யோசித்தால் தருவதில்லை. பிறகு பட்டறையில் பொருள்தானே மாறும்? "நாசில் போயிருக்கும்" என்ற பதிலை நாம்தான் விலை கொடுத்து வளர்த்திருக்கிறோம்.

அதனால் அடுத்த முறை வண்டியை விடும்போது மூன்று டேங்க் கணக்கு எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். "பார்க்கிறதுக்குத் தனியா கூலி தர்றேன், எதையும் மாத்துறதுக்கு முன்ன என்கிட்ட சொல்லுங்க" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பிரேக், டயர், வால்வு, ஹோஸ், டைமிங் எல்லாம் பார்த்து முடித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மறுபடி ஒரு டேங்க் அளந்து பாருங்கள். அந்த 1.6 லிட்டரில் இன்னும் பெரிய மிச்சம் இருந்தால், அப்போது நாசிலைக் கழற்றலாம்.